பதினேழாம் பக்கத்து விதி

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு வேறு காரணம் இல்லை, மேடம். உங்கள் ஏட்டையா தங்கமான மனிதர். ஆனால் அவர் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது. நான் இருபத்தாறு வருடமாகப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன்.

ஞாயிறுதோறும் ஆராதனையும் சாப்பாடும் முடிந்தபின், பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் விளையாடுவோம். நான், செருப்புக்கடை நாசர், எங்கள் சபைப் பையன் பெனோ. மேஜைமேல் விரல் உயரப் போர்வீரர்களை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடும் ஆட்டம். வீரர்களுக்குச் சாயம் பூசியதெல்லாம் பெனோதான். கண் இமைகூட வரைவான். மலையாக நிற்பது நான் தாமிரபரணியில் பொறுக்கி வந்த கல், மூன்று கிலோ இருக்கும். செத்த வீரனைப் பிஸ்கட் டப்பாவில் போடுவோம்.

ஒவ்வொரு படைக்கும் ஒரு தளபதி உண்டு. அவன் தயவில், ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை, விழுந்த பகடையை மறுபடி உருட்டலாம். அதை எப்போது கேட்கலாம் என்பதில்தான் குழப்பம். ஆங்கிலப் புத்தகம் மழுப்புகிறது. நான் நான்கு வருடம் உட்கார்ந்து தமிழில் விதிப்புத்தகம் எழுதினேன். பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது: எண்ணைப் பார்த்தவுடன் கேட்க வேண்டும், செத்த காயை மேஜையிலிருந்து எடுத்தபின் கேட்கக்கூடாது. என் வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த ஒரே காரியம் அந்தப் புத்தகம். அதைக் கேலி செய்தால் எனக்கு வலிக்கும்.

அன்று காலை கோயிலில் பெனோவுக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பது எங்கள் வழக்கம். ஆட்சேபணை இருந்தால் அப்போதே எழுந்து சொல்லிவிட வேண்டும்.

மத்தியானம் அவன் தளபதி பிழைக்கப் பகடையில் குறைந்தது மூன்று விழ வேண்டும். ஒன்று விழுந்தது. அவனே தளபதியை எடுத்து டப்பாவில் போட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எனக்கு மறு உருட்டல் ஒண்ணு கெடக்குல்லா?"

"டப்பாக்குள்ள போட்டாச்சேலே. ஓலை வாசிக்கும்போது சும்மா இருந்துட்டு, தாலி கட்டுன பெறவு ஆட்சேபணை சொன்னா சபையில ஒத்துக்கிடுவாங்களா?"

அவன் போனை நீட்டினான். ஆட்டத்தைத் தயாரிப்பவர்களுக்கே முன்பே எழுதிக் கேட்டிருக்கிறான். அடுத்த பகடை உருளும்வரை கேட்கலாம் என்று பதில் வந்திருந்தது.

"அவன் சொல்லுதது சரிதாம்வே," என்றார் நாசர்.

"புக்கையும் நீங்களே எழுதி, தீர்ப்பும் நீங்களே சொன்னா நாங்க எதுக்குண்ணே வாரோம்?" என்றான் பெனோ. இருவரும் சிரித்தார்கள். தளபதியை டப்பாவிலிருந்து எடுத்து நிறுத்தி உருட்டினான். ஆறு.

நாசர் டீ வாங்கக் கீழே போனார். பெனோ குனிந்து என் கோட்டைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டிருந்தான். நான் மலையை எடுத்து அவன் காதுக்கு மேலே அடித்தேன். பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். ஈரத்துணியைத் துவைகல்லில் அடித்தது போலத்தான் வந்தது. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தான். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. கண் திறந்திருந்தது.

"அண்ணே, வேண்டாம்ணே. அம்மாட்ட சொல்லிராதீங்க," என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஏன் இரண்டு அடி என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். கூப்பிட்டிருந்தால் நாசர் ஓடி வந்திருப்பார். நான் ஒரு நிமிடம் முழுதாக யோசித்தேன். என் விதிப்படி என்றால் அந்த ஒரு நிமிடத்தில் மறு உருட்டல் கேட்கும் நேரம் போய்விட்டது, முதல் அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என் மறு உருட்டலை நான் தொடவே இல்லை. அவன் காட்டிய விதிப்படி, அடுத்த பகடை உருளும்வரை நேரம் இருந்தது.

இரண்டாவது அடியை நெற்றியில் அடித்தேன். கண் இரண்டும் அசையாமல் நின்றபின் அவன் தளபதியை எடுத்து டப்பாவில் போட்டேன். கல்லைக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். நாசர் மூன்று டீயோடு வந்தார்.

தோற்ற ஆத்திரத்தில் அடித்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். நான் தோற்கவில்லை. டப்பாவைத் திறந்து பாருங்கள்.