ரெண்டு விரக்கடை

இல்லீங்க டீச்சர், பெஞ்செல்லாம் வேண்டாமுங்க, நான் இப்புடியே நிக்கறேன். வைக்கோல் கட்டிட்டிருந்தவ அப்புடியே ஓடியாறனுங்க. மேலெல்லாம் சொணை. ஒக்காந்தேன்னா நாளைக்கு உங்க கிளாஸ் புள்ளைக பூராவும் சொறிஞ்சுட்டுத்தான் பாடம் படிக்கோணும்.

நீங்க தமிழ்நாட்டு எல்லையோரம் கம்பம்மெட்டுங்களாமா? அதான் மலையாளத்து டீச்சருக்குத் தமிழு இத்தனை நல்லா வருது. ஜோமோள் டீச்சர் நம்மள மாதிரியே திட்டுவாங்கம்மான்னு யோகப்பிரியா சொன்னா. என்ற புள்ளைக்கு அதுல அத்தனை பெருமை.

அந்த நோட்டுங்களா? ம், பாத்தனுங்க. செவப்பு மையில கோடு இழுத்து உட்டிருக்கறீங்க. நானும் பத்தாவது வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடந்தானுங்க. டால், டாலர், டாலஸ்ட். அந்த டாலர மட்டும் கழுத்துல போடற டாலருன்னே ஒரு வருசம் பூரா நெனச்சுட்டிருந்தேன். சிரிங்க சிரிங்க, எங்க டீச்சரும் இப்புடித்தான் சிரிச்சாங்க.

ஊட்ல இருக்கறவங்கள வெச்சு எழுதச் சொன்னீங்களாமா. நர்மதா ஈஸ் டாலர் தேன் மீ. நர்மதா ஈஸ் ஃபாஸ்டர் தேன் மீ. கடைசில பாருங்க, ஐ ஆம் த ஷார்ட்டஸ்ட் இன் மை ஹவுஸ். எழுத்துல ஒண்ணும் தப்பில்லதானுங்க?

ஆமாமுங்க. தெரியுமுங்க. அந்த நர்மதா இப்ப உசுரோட இல்ல.

இரட்டைப் புள்ளைகதானுங்க. நர்மதா பத்து நிமிசம் முந்தி வந்துட்டா. எதுக்கும் முந்திக்குவா. ஒண்ணாங்கிளாஸ் முடியறதுக்குள்ள காச்ச வந்து, மூணே நாளு. நாலு வருசமாச்சுங்க.

இல்லீங்க, பொய்யின்னு நீங்க சொல்லல, எனக்குப் புரியுது. புள்ள மனசுல என்னமோ கெடக்குதுங்கறீங்க. வெள்ளிக்கெழம கவுன்சிலிங் டீச்சர் வருவாங்க, கூட்டிட்டுப் போக இந்தக் கடுதாசில கையெழுத்து வேணும். போடறனுங்க, அதுக்கென்ன. பேனா இருக்குதுங்களா? ஒரு நிமிசம் இருங்க, இத மட்டும் சொல்லிப்போடறேன்.

எங்கூட்ல ஒரு பத்தாயம் இருக்குதுங்க. நெல்லுப் போட்டு வெக்கற மரப்பெட்டி, ஆளு ஒசரத்துக்கு நிக்கும். மாசில அறுத்த நெல்லு அதுக்குள்ள போறதுக்கு முந்தி, ஊட்டுப் புள்ளைகள அதுல சாச்சு நிறுத்தித் தலைக்கு மேல சுண்ணாம்புல கோடு போடுவோம். எங்கூட்டுக்காரரு நவீன்குமாரு இருக்காரே, அவுரு கோடுகூட இன்னும் அழியாம இருக்குது, என்ற இடுப்புக்கு. சண்டைன்னு வந்தா அதக் காட்டித்தான் நான் அவர அடக்கறது.

இதுக ரெண்டையும் கடைசியா ஒண்ணா நிறுத்துனப்ப நர்மதா ரெண்டு விரக்கடை ஒசரம். அடுத்த மாசில இவ மட்டும் வந்து நின்னா. கோடு போட்டேன். கிண்ணத்துல சுண்ணாம்பு மீதி இருந்துச்சுங்க. என்னமோ தோணுச்சு, இவ கோட்டுக்கு மேல ரெண்டு விரல வெச்சு இன்னொண்ணும் இழுத்து உட்டுட்டேன். அவளும் வளந்திருப்பாள்ல? எங்கூட்டுக்காரரு பாத்துட்டு மூட்டை தூக்கப் போயிட்டாரு.

வருசா வருசம் போடறனுங்க. இப்ப அந்தக் கோடு என்ற தோளு கிட்ட வந்துருச்சு. அரைக்கறதுக்கு நெல்லெடுக்கப் போனா, பொறத்தால யாரோ மூச்சு உடற மாதிரியே இருக்கும். திரும்பிப் பாத்தா கோடு. நானும் ஏன்டி இன்னும் தூங்கலயான்னு ரெண்டு வார்த்த பேசிட்டு வருவேன். பயமெல்லாம் இல்லீங்க. பெத்தவளுக்கென்ன பயம்.

அதத்தான் சொல்ல வந்தேன். இவ கற்பனை பண்ணி எழுதல. பத்தாயத்தப் பாத்து எழுதியிருக்கறா. அவ்வளவுதான்.

என்னங்க?

யாரு, யோகப்பிரியாவா? இந்தக் கிளாஸ்லயே அவதான் டாலஸ்ட்டா? பையனுகளவிடயுமா? அசெம்பிளில கடைசிலதான் நிக்கறாளா?

எனக்குத் தெரியாதுங்க டீச்சர். நெசமாத் தெரியாது. ஊட்ல பாக்கறப்ப குட்டையாத்தான் தெரியறா. பாவாட கணுக்காலுக்கு மேல ஏறுனப்பக்கூட, துணி சுருங்கிப்போச்சுன்னுதான் நெனச்சேன்.

தண்ணி வேண்டாமுங்க. இருக்கட்டும்.

போன ஞாயித்துக்கெழமதான் புது நெல்லு போட்டோம். இவ வந்து சாஞ்சு நின்னா. நின்னவ குதிகால எக்குறா. மேல இருக்கற அந்தப் பழைய கோட்டையே பாத்துட்டு, இந்த வருசமாச்சும் நர்மதாவத் தாண்டிருவனாம்மாங்கறா. தாண்டிட்டாளுங்க டீச்சர். எக்காம நின்னாலே தாண்டியிருந்தா, போன வருசத்து அவ கோட்ட.

நான் ரெண்டு தோளையும் புடிச்சு அமுக்கிட்டேன். கீழ நில்லுடின்னு. பலமாத்தான் அமுக்கிட்டனாட்ட இருக்குது, முட்டி மடங்கிப்போச்சு புள்ளைக்கு. அழுகல. அப்புடியே நின்னா. இவ கோட்டப் போட்டு, மேல விரல வெச்சேன். எப்பவும் ரெண்டு விரல்தானுங்க வெப்பேன். அன்னைக்குக் கை மூணு வெச்சுருச்சு.

அந்தக் கடுதாசியக் குடுங்க. யோகப்பிரியான்னு எழுதியிருக்குதே, அத அடிச்சுட்டு என்ற பேரு கோமதின்னு போட்டுக்கறேன். வெள்ளிக்கெழம எத்தனை மணிக்கு வரோணுமுங்க?