இல்லை என்று சொல்ல வேண்டியவள்

மாலை ஏழு மணி. பொன்முடி மலையிலிருந்து விதுராவுக்கு இறங்குகிற சாலை. மழை... முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத மழை. முன்னால் எந்த வண்டியும் இல்லை என்பது வேறு விஷயம்.

கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கைலாஷ் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவனுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. ஷாஜி, சிரிப்பதானால் வராந்தாவில் போய்த் தனியாக நின்று சிரி... மாட்டாய் அல்லவா? அப்படியென்றால் நகர்ந்து உட்கார்.

அக்கா பெயர் பத்மப்ரியா. பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் அக்ரஹாரத்தில் பிறந்து, அங்கேயே கேசவ் என்ற பேங்க் ஆபீசருக்கு வாழ்க்கைப்பட்டவள். தங்கமான மனிதர். ஆனால் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒருவன் அவரிடம் வந்துகொண்டிருந்தான். முதலில் ஈர ரப்பர் செருப்பின் சத்தம்... சப்... சப்... பிறகு புளித்த ரப்பர் பாலின் வாடை. பிறகு பக்கத்தில் வந்து நிற்பான். ஒருநாள் அவன் கூப்பிட்டான் என்று கேசவ் ரயில் தண்டவாளத்தில் இறங்கி நடந்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

மனநல டாக்டர் ஹரிகுமார் மாத்திரை கொடுத்தார். கூடவே ஓர் ஏற்பாடும் செய்தார். "சத்தம் கேட்டா மிஸஸ்கிட்ட கேளுங்க. அவங்க இல்லைன்னு சொன்னா இல்லை. அது வியாதி, அவ்வளவுதான்."

கேசவ் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். சாப்பிடும்போது, கல்யாணப் பந்தியில், கோயில் வரிசையில், "பத்மா, இருக்கானா?" என்பார். "இல்லை" என்பாள். முகம் தெளிந்துவிடும். தனக்கு வந்திருப்பது வியாதிதான் என்று நோயாளியே புரிந்துகொள்வதை இன்சைட் என்பார்களாம். "இந்த மனுஷனுக்கு உள்ள இன்சைட் எனக்கே இல்லை, கேட்டோ" என்று டாக்டர் மலையாளம் கலந்து மெச்சினார். கேசவ் வேலைக்குத் திரும்பினார். மறுபடி கார் ஓட்டினார். அக்காவின் அந்த ஒரு சொல்லில்தான் அந்தக் குடும்பமே நின்றது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பொன்முடிக்குப் போனார்கள். திரும்பும்போது விதுராவுக்குச் சற்று முன்னால் மரம் ஒன்று சாலையில் சாய்ந்து கிடந்தது. கேசவ் எஞ்சினை அணைத்தார். வைப்பர் பாதியில் நின்றது. கண்ணாடியெல்லாம் ஆவி. மழையின் இரைச்சல் மட்டும்.

சப்.

அக்கா நிமிர்ந்தாள்.

சப்... சப்... காருக்குப் பின்னாலிருந்து. அவசரமே இல்லாமல்.

வாடை வந்தது. சுற்றிலும் ரப்பர் தோட்டம்தானே, வரத்தான் செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்போது பின்கதவு திறந்தது. மழைச் சத்தம் சட்டென்று காருக்குள் வந்தது... கதவு சாத்தியதும் அடங்கியது. பின்சீட் கிறீச்சென்று அமுங்கியது. அவள் பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

கேசவ் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"பத்மா... இருக்கானா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வருகிறாய், தெரியும் ஷாஜி. அதுவரை அரண்டவர் கேசவ். அக்கா ஒருநாளும் அரண்டதில்லை. அன்றைக்கு அவள் என்ன சொல்வாள், பகவானே? ஆமாம் என்றால் மனிதர் மறுபடி தண்டவாளத்துக்குத்தான் போவார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இல்லை" என்றாள்.

"அப்பாடா! அப்போ வியாதிதான்" என்று கேசவ் சிரித்தார். ஊர்க்காரர்கள் வந்து மரத்தை வெட்டி வழி செய்தார்கள். கார் கிளம்பியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்... இரண்டு பேராகப் போனவர்கள் மூன்று பேராக வீடு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு கேசவ் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அக்காதான் இளைத்துப்போனாள். அடுப்படியில் நின்றால் முதுகுக்குப் பின்னால் சப் என்கிறது. பூஜை அறையில் வாடை. காலையில் எழுந்தால் கூடத்தில் ஈரம்... யாரும் பார்ப்பதற்குள் துடைப்பாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் ஹரிகுமாரிடம் போய் அழுதாள். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன் டாக்டர். எனக்கும் கேட்டது. இப்போ எங்காத்துலயே இருக்கான்."

அவர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் கேட்டார். "இத்தனை காலம் தனியா சுமந்து மனசு களைச்சுப்போச்சு. இது வியாதின்னு உங்களுக்குத் தோணுதா?"

"தோணலை."

டாக்டர் சீட்டு எழுதினார். மாத்திரை இனி அவளுக்கு. ஏற்பாடு பழையதேதான், ஆள் மட்டும் மாற்றம். சத்தம் கேட்டால் அவள் கேசவைக் கேட்க வேண்டும். அவர் இல்லை என்றால் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த கேசவைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

அன்று ராத்திரி கேசவ் கூடத்தில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கமிருந்து வந்தது... சப்... சப்...

"ஏன்னா... இருக்கானா?"

"இல்லை பத்மா. ஒண்ணுமே இல்லை. மாத்திரையைப் போட்டுண்டு படுத்துக்கோ." அவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த வார்த்தையை நம்ப வேண்டும் என்று அக்கா உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. சப்... சப்... கேசவ் பக்கத்தில் வந்ததும் நின்றது.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கேசவ் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார்.