இருளாயி அக்காவின் பெருவிரல்

என் கையெழுத்து அழகானது. பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் சொல்வார்கள். நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கொழும்பு டொக்டர்கள் தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது, சிங்களமும் தமிழும் தெரிந்த ஆள் என்று என்னை எடுத்தார்கள். கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் படிவங்கள் எல்லாவற்றையும் என் பொறுப்பிலேயே விட்டார்கள். ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்த மாட்டேன். இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கும் படிவத்திலும் அடித்தல் இல்லை.

நேற்று இருளாயி அக்காவை வார்டில் பார்த்துவிட்டு வந்தீர்களாம். விசாரணையை முடித்துவிடலாம் என்று சொன்னீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

றப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. புற்றுநோய் கடுகளவில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் வெட்டி எடுத்து ஆளைக் காப்பாற்றலாம். இருநூறு பேராவது வேண்டும், குறைந்தால் முடிவு செல்லாது என்று பெரிய டொக்டர் சொன்னார். ஸ்கேன் முடிவை அவரவர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்த் தமிழில் விளக்குவது என் வேலை. டொக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்வதுதான் சனங்களுக்கு வந்து சேரும்.

இருளாயி அக்கா தோட்டத்துக் கீழ் டிவிஷனில் இருந்தார். புருஷன் இல்லை, மகன் சுமன் கொழும்பில் கடையில் வேலை. கார்த்திகையில் முதல் நாற்பது பேரைக் கூட்டி வந்தவரே அவர்தான். சம்மதப் படிவத்தில் கைரேகை வைக்க மூன்று தடவை மை தொட்டார். மூன்று தடவையும் கறுப்புப் பொட்டு மட்டுமே விழுந்தது. புகை போடுவதோடு றப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டிலும் முப்பது வருஷம் புழங்கிய விரல். கோடெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"சம்பளத்துக்கு வெச்சாலும் இப்பிடித்தான் தம்பி. கிளாக்கர் ஐயா ஏசுவாரு" என்று சிரித்தார்.

மார்கழியில் முதல் முடிவுகள் வந்தன. இருளப்பன் என்ற வேறொரு தொழிலாளிக்கு நெஞ்சில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் ஊசி போன இடத்தில் காற்றுக் கசிந்து, குழாய் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்படி எப்போதாவது நடக்கும், ஆள் தேறிவிடுவார் என்று டொக்டர்கள் சொன்னார்கள். தேறித்தான் வந்தார். வந்தவர் லயம் லயமாகப் போய்ச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"ஊசிய விட்டாங்க, மூச்சு நின்னு போச்சுங்க. யாரும் போயிராதீங்க."

அடுத்த கிழமை முப்பது பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேர் வந்தார்கள்.

அதே கிழமைதான் அக்காவின் முடிவு என் கைக்கு வந்தது. வலது நுரையீரலில் பதினோரு மில்லிமீற்றர் கட்டி. உடனே ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பவும் என்று சிவப்பில் கோடு போட்டிருந்தது. நான் யோசித்தேன். இவரையும் ஊசிக்கு அனுப்பினால் கீழ் டிவிஷனில் ஒருவரும் வர மாட்டார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் பார்க்காமல் கிடப்பார்கள். அதில் எத்தனை பேருக்கு நோய் இருக்குமோ. ஆள் சேர்க்கும் வேலை பங்குனியோடு முடிகிறது. ஒருவர் மூன்று மாதம் பொறுத்தால் போதும். அன்றைக்கு இந்தக் கணக்கில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நம்ம ரிப்போட் என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்லக்கா. பழைய சளித் தழும்புதான்."

"ஊசி கீசி இல்லையே?"

"இல்லக்கா."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவேதான் லயங்களுக்குப் போனார். "எனக்கே ஒன்னுமில்லைன்னுட்டாங்க. பயப்படாம வாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். பங்குனிக்குள் இருநூற்றுப் பதினொரு பேர் ஆனார்கள். அதில் மூன்று பேருக்கு ஆரம்பத்திலேயே பிடித்து வெட்டி எடுத்தார்கள். மூவரும் இன்றைக்கு வேலைக்குப் போகிறார்கள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

கிளினிக் நர்ஸ் அக்காவைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். "சொல்லிட்டேன் மிஸ், பயப்படுறாங்க" என்றேன். ஆவணியில் கோப்புகளைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்தபோது, பரிசோதனையை மறுத்துவிட்டார் என்ற படிவம் கோப்பில் இருந்தது. மார்கழித் திகதி, கீழே கைரேகை. மறுத்தவர்களை முடிவில் சேர்ப்பதில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் வரவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் இருக்கிறது.

அக்காவுக்கு இப்போது கட்டி எலும்புவரை போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நீங்கள் அந்தப் படிவத்தைக் காட்டி, மறுத்தீர்களா என்று கேட்டீர்களாம். அவர் சொன்ன பதிலை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

"அந்தத் தம்பி எழுதியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேங்க. எனக்குத்தான் ஞாபகம் இல்ல. நல்ல புள்ளைங்க அது."

இதைக் கேட்டதிலிருந்து என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவர் என்னை ஏசியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

இருநூற்றுப் பதினொரு பேருக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் சேர்த்து முடிந்தது பங்குனியில். நான் படிவம் எழுதியது ஆவணியில். நடுவில் ஐந்து மாதம் அவர் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த ஐந்து மாதத்தில் எந்த நாளும் நான் லயத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். டொக்டர்கள் அப்போதும் பார்த்திருப்பார்கள். சொன்னால், அன்றைக்கு ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். வைகாசியில் அவருக்கு இருமல் தொடங்கியதும் எனக்குத் தெரியும். தெருவில் கண்டால் கடைக்குள் போய் நின்றுகொள்வேன்.

அவர் மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்மதப் படிவத்தில் வெறும் கறுப்புப் பொட்டு. மறுப்புப் படிவத்தில் சுழி சுழியாக ஒவ்வொரு கோட்டையும் எண்ணலாம் போலத் தெரிகிறது. அந்த வயதில், அந்த வேலை செய்த கையில், அப்படி ஒரு ரேகை விழாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது என் பெருவிரல். சுத்தமாக விழ வேண்டும் என்று, வேறு இரண்டு தாளில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதில் வைத்தேன்.