அமாவாசையன்று நின்ற மவுஸ்

செவிலிமேடு டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். அவர்களில் தறி நெய்கிறவள் மற்றவளிடம் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு ஆபீஸ் மவுஸ என் தறிப் பலகையில கட்டிட்டாரும்மா."

"எதுக்குக்கா?"

"வூட்லயிருந்துதான அவருக்கு வேலை. மவுஸு ஆடுனாதான் வேலை செய்றாருன்னு கம்பெனி கம்ப்யூட்டரு நம்புது. நான் நெய்ய நெய்ய அது ஆடிக்கினே இருக்கும், அவரு தூங்கிக்கினு இருப்பாரு. போன மாசம் சிறந்த ஊழியர்னு கப்பு குடுத்தாங்க."

"அட!"

"போன வாரம் அமாவாசை. நெசவுக்காரன் எவனாவது அன்னிக்குத் தறியில உக்காருவானா? மவுஸு நின்னுபோச்சு. ஏன் வேலை செய்யலன்னு எழுதிக் குடு, இல்லன்னா வூட்டோட இருன்னுட்டாரு மேனேஜரு."

"வூட்லதான இருக்காரு?"

"சிரிக்காத. பயத்துல, ‘அமாவாசையில நாங்க தறி ஓட்ட மாட்டோம்’னு எழுதிட்டாரு."

"போச்சு! வேலை?"

"போகல. அடுத்த அமாவாசைக்கு முன்னாடியே லீவு லெட்டர் குடுக்கணுமாம். இப்ப நான் டீ குடிக்க எழுந்தாலும், ‘வேலை போயிடும், உக்காரு’ன்னு கத்துறாரு."

என் கம்பெனியிலும் மவுஸ் ஆட்டம்தான் கணக்கு. என் மனைவிக்கு நெய்யத் தெரியாது. இறங்கவேண்டிய ஸ்டாப் போனதுகூடத் தெரியாமல், வீட்டில் எது நாள் முழுக்க ஆடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.