மூன்றாவது பெட்டி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, பாலக்கோட்டில் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை மின்வெட்டு எதுவும் இல்லை.

சி.டி. பிளேயர் வாங்குவது ஃபேன் வாங்குவதைப் போன்ற வேலை அல்ல. ஃபேன் சுற்றினால் போதும். சி.டி. பிளேயர் சுற்றுவது தெரியக்கூடாது. என்னுடைய பழைய பிளேயர் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தது. அக்டோபரில் அதன் லென்ஸ் போய்விட்டது. தூசிதான் காரணம். திறந்து பார்த்தபோது லென்ஸின் மேல் மெல்லிய சாம்பல் படலம் இருந்தது. துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. தூசி ஓரளவுக்கு மேல் உள்ளே போய்விட்டால் எதுவும் பிழைப்பதில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்த்தே முடிவு செய்வேன். ஓசூரில் பழைய ஆடியோ கருவிகளை வாங்கி விற்கும் சின்னராஜிடம் சொல்லி வைத்தேன். அவர் மூன்று பிளேயர்களை அனுப்பினார். தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் வேனில், தக்காளிக் கிரேட்டுகளில் வைக்கோல் சுற்றி, திங்கட்கிழமை மாலை வந்து சேர்ந்தன. ஒன்று ஜப்பான். இன்னொன்று ஐரோப்பாவில் செய்தது, கனமானது. மூன்றாவது புதிய சீனத் தயாரிப்பு. புதன்கிழமை வேன் மறுபடி வரும். அதற்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்பதைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிரேட்டுகளைப் பார்த்ததும் என் அண்ணன் சென்னப்பன் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"என்னடா கிட்டப்பா, தக்காளி வந்திருக்கா?"

"இல்லண்ணா, பாட்டுப் பெட்டி."

"மூணா? இங்க ஒரு பெட்டிய வெச்சிக்கிட்டே எனக்கு மூச்சு வாங்குது."

அவர் சொன்னது ஆக்சிஜன் மெஷினை. எங்கள் வீட்டில் அதற்குக் காத்துப் பெட்டி என்று பெயர். பெயர் வைத்தவரும் அவர்தான். உனக்குப் பாட்டுப் பெட்டி, எனக்குக் காத்துப் பெட்டி என்பார். நாளடைவில் இரண்டும் வெறும் பெட்டி ஆகிவிட்டன. எதைச் சொல்கிறோம் என்பது நேரத்தைப் பொறுத்தது.

அண்ணன் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். நான் பி.எஸ்சி. படித்தது அந்த வேலையின் சம்பளத்தில்தான். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டினார். பெட்டி இரவும் பகலும் ஓட வேண்டும், கரண்டு போனால் உடனே பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்குக் குழாயை மாற்ற வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றார். என் மனைவி பானுமதி இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அந்தத் தாள் காற்றில் படபடக்கும் என்பதால், செவ்வாய்க்கிழமை காலை அதைக் கழற்றி வைத்ததே நான்தான்.

அண்ணனால் மாடி ஏற முடியாது. அதனால் கட்டில் ஹாலில் இருந்தது. என் ஸ்பீக்கர்களும் ஹாலில்தான் இருந்தன. அவற்றை ஏன் வேறு அறைக்கு மாற்றவில்லை என்று உங்கள் ஸ்டேஷன் ஏட்டு கேட்டார். நியாயமான கேள்வி. பின்சுவரிலிருந்து இரண்டே கால் அடி என்ற இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அண்ணனைச் சமையலறைக்கு மாற்றலாம் என்று யோசித்தேன். குழாய் எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் பானுமதி வேலைக்குப் போனாள். மின்வாரிய அலுவலகத்தில் இருக்கிறாள். தக்காளி மண்டியில் ஏலம் முடிந்து லாரிகள் கிளம்பிய பிறகு, பத்து மணியிலிருந்து பதினொன்றே கால் வரை எங்கள் தெருவில் சத்தம் இருக்காது. முதலில் ஃபேனை நிறுத்தினேன். பிறகு ஃப்ரிட்ஜ். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். போனில் டெசிபல் அளந்தேன். நாற்பத்தெட்டு. மிச்சம் இருந்தது காத்துப் பெட்டி மட்டும்தான்.

நான் அனுமதி கேட்காமல் எதையும் செய்யவில்லை.

"அண்ணா, ஒம்போது நிமிசம் பெட்டிய நிறுத்திக்கட்டுங்களா?"

"எந்தப் பெட்டிய? உன்னுதா, என்னுதா?"

"உங்களுது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நிறுத்திக்கோ. சின்னதுல என் சைக்கிள கேட்டப்பவும் இப்படித்தான் நின்ன. முடியலன்னா கைய தூக்கறேன்."

ஒன்பது நிமிடம் என்பது ஒரு வீணை ஆலாபனையின் நீளம். அந்த ஒலிப்பதிவை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முதல் நிமிடம் தம்புரா மட்டும்தான். ஒரு பிளேயரின் தரம் அது எழுப்பும் ஒலியில் தெரியாது. ஒலிகளுக்கு இடையில் இருக்கும் அமைதியில்தான் தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கருப்புப் பின்னணி என்பார்கள்.

முதலில் ஜப்பான். நோட்டில் இப்படி எழுதினேன்: "வீணை தெளிவு. பின்னணியில் இடப்பக்கம் லேசான விசில். பத்துக்கு ஆறு." முடிந்ததும் காத்துப் பெட்டியைப் போட்டேன். அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது, ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. அவர் கையைத் தூக்கவில்லை என்று நினைக்கிறேன். கவனித்துக் கேட்பவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஐரோப்பா. நோட்டில்: "விசில் அதிகம். நடுவில் வறட்டு இருமல் போன்ற தடங்கல். பத்துக்கு நான்கு." அண்ணன் கட்டிலில் இடப்பக்கம் படுத்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் நிபந்தனை மூன்று பெட்டிகளுக்கும் ஒன்றுதான். ஆய்வு என்றால் அதுதான் முக்கியம்.

அது முடிந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

"போதும்டா," என்றார். "போதும், கிட்டப்பா."

இரண்டாவது பெட்டியே போதும் என்று அவர் சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்கு இசையில் பழக்கம் கிடையாது. கனமாக இருப்பது நல்லது என்று நினைப்பவர். இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று விளக்கினேன். அவர் சிலிண்டரைக் காட்டினார். குழாயை மாற்றித் திறந்துவிட்டேன். அது ஸ்ஸ்ஸ் என்று சீறியது. வீணைத் தந்தியை மீட்டும் ஒலி விழும் அதே இடத்தில் அந்தச் சீறலும் விழுகிறது, இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆகவே மூடினேன். காத்துப் பெட்டியை மறுபடி போட்டால் அதன் உறுமல் காதில் தங்கிவிடும். காது தெளிய இன்னும் பத்து நிமிடம் ஆகும். மண்டி ஆட்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவதைப் போட்டேன்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது பதினொரு மணிக்குப் பானுமதியின் போன் வந்தது. தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

"ஏங்க, பெட்டி ஓடுதுங்களா?"

"ஓடுது," என்றேன்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத் திருத்தினால் நல்லது.

"மாமா என்ன பண்றாரு?"

"பாட்டு கேக்கறாரு."

"அவரு எங்க பாட்டு கேப்பாரு," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

தடை ஏற்பட்டதால் வட்டை முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது பெட்டிக்கு மட்டும் கூடுதலாக நான்கு நிமிடம் கிடைத்தது உண்மைதான். அதை நோட்டில் குறித்திருக்கிறேன். மற்றதையும் படிக்கிறேன்: "முதல் நிமிடம் விசில், விட்டு விட்டு. இரண்டாம் நிமிடம் கட்டில் கம்பி மூன்று முறை தட்டும் சத்தம். இது கட்டில், கருவியின் குறை அல்ல, மதிப்பெண் குறைக்கத் தேவையில்லை. நான்காம் நிமிடம் முதல் பின்னணி முழுக் கருப்பு. தம்புரா தனியாக மிதக்கிறது. இப்படியோர் அமைதியை இந்த ஹாலில் கேட்டதில்லை. பத்துக்குப் பத்து."

கட்டில் சத்தத்தையும் கருவியின் சத்தத்தையும் பிரித்தறியத் தெரிந்தவனுக்கு, கட்டிலைத் தட்டுவது யார் என்று தெரியாதா எனக் கேட்டீர்கள். தெரியும். எனக்கு நல்ல காது. அப்போது வீணை மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆலாபனை முடிந்து கண்ணைத் திறந்தேன். அண்ணனின் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதைத் தூக்கியிருந்தாரா என்பதை அப்போது சொல்ல முடியாது. தூக்கிய கையும் பிறகு இறங்கத்தானே வேண்டும். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஃப்ரிட்ஜைப் போட்டேன். உள்ளே பால் இருந்தது.

நான் கூப்பிட்டதும் எதிர் வீட்டுக் குப்புராஜ் ஓடி வந்து எப்படி ஆச்சு என்று கேட்டார். "கரண்டு போச்சுங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மாவு அரைபடாததற்கும், போன் எடுக்காததற்கும், கல்யாணத்துக்கு நேரம் தவறி வந்ததற்கும் அதைத்தான் சொல்வார்கள். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். குப்புராஜும் கேட்கவில்லை. அவர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்த சத்தம் எங்கள் ஹால் வரைக்கும் கேட்டது.

மாலையில் ஐஸ் பெட்டி வந்தது. அதன் மோட்டார் ஐம்பத்திரண்டு டெசிபல்.

புதன்கிழமை சின்னராஜ் மாலையோடு வந்தார். அடக்கம் முடிந்த பிறகு மற்ற இரண்டு பெட்டிகளையும் கிரேட்டில் வைத்து எடுத்துப் போனார். "இந்த நேரத்துல பேச்சு வேணாமுங்க சார், அந்தப் பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார். பண்பானவர்.

வியாழக்கிழமை காலை பானுமதி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அழுகையெல்லாம் முடிந்திருந்தது.

"ஏங்க."

"ம்."

"செவ்வாக்கிழம நம்ம லைன்ல கரண்டே போகலைங்க. நான் ஆபீஸ்ல லாக் புக்கப் பார்த்துட்டேன்."

நான் காபியை எடுத்துக் குடித்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். தாள் ஒட்டியிருந்த இடம் வெளுப்பாக இருந்தது. "மாமா இங்க படுத்துக்கிட்டு என்னையக் கூப்பிட்டிருப்பாரு," என்றாள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை என்று நான் சொன்னேன். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் ஆம்பிளிஃபையர் மேல் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு தருமபுரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். காத்துப் பெட்டியை நிறுத்தியவன் நான். சிலிண்டரை மூடியவனும் நான். கட்டில் தட்டும் சத்தத்தைக் கேட்டேன், அதைக் குறித்தும் வைத்தேன். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அமைதி வந்தது அண்ணன் மூச்சை நிறுத்தியதால்தான், பெட்டியின் சிறப்பால் அல்ல என்று பானுமதி தன் புகாரில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, மூன்றாவது பெட்டியில் அதே ஆலாபனையை மறுபடி போட்டுக் கேட்டேன். அதே அமைதி. பெட்டியின் குணம்தான் அது என்பது உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.