பூ வைக்க வந்த இடத்தில் நிலா

நிலாவைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நானும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா முன்வரிசையில ரெண்டு பேருக்குக் கண்ணு சொருகுது. சரி, பாடத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ஒரு குட்டிக் கதை சொல்றேன். தூங்கறவங்களும் கேட்டுக்கிட்டே தூங்கலாம்.

குடியாத்தத்துப் பையன், குணசீலன். சித்தூர்ப் பொண்ணு, ஹேமலதா. ஒரே ஸ்கூல்ல வேலை. அவன் கணக்கு வாத்தியார், அவ விளையாட்டு டீச்சர். பிடிச்சுப்போச்சு. சாதியைத் தாண்டினாங்க... மொழியைத் தாண்டினாங்க... ரெண்டு வருஷம் போராடி ரெண்டு வீட்டையும் சம்மதிக்க வெச்சாங்க. கடைசியில எங்க போய் முட்டுனாங்க தெரியுமா? நிலாவுல.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா கஸ்தூரி. அந்தம்மாவோட தம்பி பொன்னுரங்கம்தான் வீட்டுல பேச்சு வார்த்தை எல்லாம். அவரு பொண்ணோட அப்பா நரசிம்முலுவுக்கு போன் போட்டாரு.

"வர்ற அமாவாசை நிறைஞ்ச நாளுங்க. அன்னிக்கே வந்து பொண்ணுக்குப் பூ வெச்சுடறோம்."

அந்தப் பக்கம் நரசிம்முலு பதறிட்டாரு.

"அமாவாசையா? வத்து சார், வேண்டாம். எங்க பக்கம் அன்னிக்குப் புதுச் செருப்புகூட வாங்க மாட்டோம்."

"எங்க பக்கம் புது லாரியே அன்னிக்குத்தான் எடுப்போம்."

"நிலாவே இல்லாத நாள் சார் அது."

"நிறைஞ்ச நாளுன்னு சொல்றேன், காதுல விழலையா?"

பாருங்க கூத்தை. ஒரே வானம், ஒரே நிலா. குடியாத்தத்துல நிறைஞ்சிருக்கு, சித்தூர்ல செத்துப்போச்சு. நடுவுல இருக்கறது என்ன? ஒரு செக்போஸ்ட்.

பொன்னுரங்கம் போனை வெச்சாரு. "மொதப் பேச்சுலயே நம்ம நாளை வேண்டாங்கறான். இது சரிப்பட்டு வராது. ஆம்பூர்ல ஒரு நல்ல இடம் இருக்கு" அப்படின்னுட்டாரு. குணசீலனுக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. கஸ்தூரி அம்மாதான், "அவங்க சொல்ற நாள்லயே போயிட்டு வந்துடலாம் தம்பி"ன்னு கெஞ்சினாங்க. சரி, வளர்பிறை தசமி. சாயங்காலம் நாலரை மணி. முடிவாச்சு.

வேன்ல வந்து பொண்ணு வீட்டுல இறங்குனாங்க. தட்டு, பழம், பூ எல்லாம் முன்னாடி போச்சு. கஸ்தூரி அம்மா மட்டும் வாசல்லயே ஓரமா நின்னுட்டாங்க. புருஷன் இல்லாதவங்க சபைக்கு முன்னாடி வரக்கூடாதாம். யாரும் போகாதேன்னு சொல்லல. யாரும் வான்னும் சொல்லல. அவங்களே பழகிட்டாங்க.

பொன்னுரங்கம் வாசல்ல நின்னு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. அண்ணாந்து பாத்தாரு. தென்னை மரத்துக்கு மேல, வெள்ளையா, முக்கால் நிலா.

"என்னங்க இது... பட்டப்பகல்ல நிலா?"

நரசிம்முலுவும் பாத்தாரு. முகம் தொங்கிப்போச்சு. "ராத்திரிதானே சார் வரணும். நேரம் கெட்ட நேரத்துல வந்து நிக்குதே."

"ஏதோ தடங்கல்னு காட்டுது."

"அதையேதான் சார் நானும் நினைச்சேன்."

"அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம், சம்மந்தி."

கவனிச்சீங்களா? அது வரைக்கும் சம்மந்தின்னு ஒரு வார்த்தை வரல. சம்மந்தம் வேண்டாம்னு முடிவு பண்ணும்போதுதான் வருது! எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு பேரும் ஒரு தப்புல கட்டிப்பிடிச்சு ஒத்துப்போறாங்க.

தட்டை வேனுக்குத் திருப்பிட்டாங்க. உள்ளே இருந்து ஹேமலதா வந்துட்டா. கோபம்.

"அப்பா, வளர்பிறை வேணும்னு யார் கேட்டா? நீங்கதானே? வளர்பிறை நிலா பகல்லதான் உதிக்கும். பொழுது சாயறப்போ அது ஏற்கெனவே மேல நிக்கும். நான் கிரவுண்டுல கேட்ச் பிடிக்க அண்ணாந்து பாக்கறப்போ எல்லாம் பாக்கறேன்."

"அப்ப அமாவாசைக்கு நிலா எங்க போகுதும்மா?"ன்னு பொன்னுரங்கம் கேட்டாரு, விடாம.

"எங்கயும் போகல மாமா. சூரியன் பக்கத்துல, பகல் பூரா வானத்துலதான் இருக்கு. வெளிச்சம் படற பாதி அந்தப் பக்கம் இருக்கறதால நமக்குத் தெரியல. நீங்க சொன்ன மாதிரி நிறையவும் இல்ல, எங்கப்பா சொன்ன மாதிரி இல்லாமப் போகவும் இல்ல."

அப்பதான் வாசல் ஓரத்துல இருந்து கஸ்தூரி அம்மா குரல் வருது.

"ஏம்மா... எங்க கல்யாணமும் வளர்பிறைதான். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஊர்வலம் வந்தோம். அன்னிக்கும் இது மேல நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும் அத்தை."

"நான் பாக்கவே இல்லையே." கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்தாங்க. "அவரு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். ஒரு குறையும் வெக்கல."

சொல்லிட்டு நேரா முன்னாடி நடந்து வந்தாங்க. வேனுக்குத் திருப்பின தட்டுல இருந்து பூவை எடுத்தாங்க.

"அக்கா... நீ வெக்கக்கூடாது..." பொன்னுரங்கம் இழுத்தாரு.

"தள்ளு தம்பி." பொண்ணைத் திருப்பி நிக்க வெச்சு, தன் கையாலயே பூ வெச்சாங்க. ஹேமலதா அழுதுட்டா. குணசீலன் திரும்பிக்கிட்டான், அவனும் அழுதான்.

இப்ப உங்களைக் கேக்கறேன். நிலா தினம் தினம் நம்ம தலைக்கு மேல வருது. நாம பாக்கறதில்ல. ஒருநாள் பாத்துட்டா, ஏன் வந்தேன்னு அதையே கேக்கறோம். போகட்டும், நிலாவுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா உங்க வீட்டு விசேஷத்துல ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு அத்தை ஓரமா நிக்கறாங்களே... அவங்க எங்கயும் போயிடல, அங்கதான் நிக்கறாங்க. அடுத்த விசேஷத்துக்கு நல்ல நாள் பாக்கறதுக்கு முன்னாடி, அவங்க கையைப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டு வாங்க. மத்தபடி அமாவாசையா, பௌர்ணமியா... எது வேணா வெச்சுக்கோங்க.