அவரைத் தண்டுக்குள் ஒரு வட்டம்

இல்ல மேடம், உக்காரல. உக்காந்தா பாதி கோபம் எறங்கிடும், அப்புறம் வந்த காரியம் கெட்டுடும். நின்னுக்கிட்டே பேசறேன். நீங்க உக்காருங்க, உங்க லேபு, உங்க மேஜை.

பேரண்ட்டக் கூட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பினீங்களாம். இருபது வயசுப் பொண்ணு மேடம் அது. ஓட்டுப் போட்டாச்சு. எங்க வீட்ல குழாய் ஒழுகறதுலேர்ந்து அவங்கப்பாவோட பி.பி. மாத்திர வரைக்கும் அவதான் பாத்துக்கறா. அவ இப்ப அம்மாவக் கூட்டிட்டு வரணுமாம். என்ன கொலக் குத்தம்? ரெக்கார்டுல ஒரு வட்டம் போடல.

தெரியும், தெரியும். உங்க கையெழுத்து இல்லாம நாளைக்கு பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளயே விடமாட்டாங்க. நாலு மணிக்கு எல்லா ரெக்கார்டையும் கட்டி ஆபீசுக்கு அனுப்பிடுவீங்க. அதுல இவளோடது போகலன்னா ஒரு வருஷம் வீண். இதயேதான் வழி பூரா அவகிட்ட ஓதிக்கிட்டு வந்தேன், செவுடன் காதுல ஊதின சங்கு. இப்ப மூணேகால். சும்மா சும்மா கடிகாரத்தப் பாக்காதீங்க, அத நான் பாத்துக்கறேன்.

இந்தப் படிப்புல சேக்கறப்பவே எங்க வீட்ல பெரிய கச்சேரி. டாக்டருக்குக் கெடைக்காதவங்க படிக்கிற படிப்புன்னாரு அவங்கப்பா. என் நாத்தனார் இருக்காளே, செடிப் படிப்புன்னுகூடத் தெரியாம, கரப்பான் பூச்சி அறுக்கவா மூணு வருஷம், எங்க சமையக்கட்டுக்கு வரச் சொல்லு, நெதம் பத்து அடிச்சுத் தரேன்னா. அவ சமையக்கட்டு அப்படித்தான், அது வேற கதை. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு சேத்துவிட்டேன். கண்ணால பாக்கணும், பாத்தத வரையணும், அவ்வளவுதான்டி இந்தப் படிப்புன்னு சொன்னேன். ஏதோ ஒரு வேகத்துல சொன்னது. அந்தக் கழுத அத அப்படியே நம்பிடுச்சு.

ரெக்கார்ட இப்படிக் குடுங்க. இதோ. அவரைத் தண்டு, குறுக்கு வெட்டு. வெளித்தோல் இருக்கா? இருக்கு. உள்ள புறணி, அப்புறம் வளையமா வாஸ்குலார் கட்டு, அதான் தண்ணி போற குழாய்ங்க, நடுவுல பித், தண்டோட சோறு. எல்லாம் இருக்கு. அதுக்குக் கீழ உங்க செவப்பு மை. சுரப்பி எங்கே, மீண்டும் வரைக. அந்த வட்டம்தான் சுரப்பியாம். சரின்னு மறுபடி வரைஞ்சா. மறுபடி செவப்பு. மூணாந்தரம் எழுதக்கூட இல்ல, ஒரே கோடு, குறுக்கால.

பதினோரு தண்டு வெட்டியிருக்கா மேடம். பால்கனித் தொட்டியில நான் தண்ணி ஊத்தி வளத்த கொடி, இப்ப மொட்டையா நிக்குது. ஒரு காய் பாக்கல நான். எல்லாத்தையும் ஈரத்துணியில சுத்தி இங்க கொண்டுவந்து, பிளேடால சீவி, இருக்கறதுலயே மெல்லிசான சீவல பிரஷ்ஷால எடுத்து, சாயம் போட்டு, ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்திருக்கா. ஆள்காட்டி விரல் பூராக் கீறல். பதினொண்ணுல ஒண்ணுலகூட உங்க சுரப்பி இல்ல. இல்லாதத எப்படிம்மா போடறதுங்கறா. நான் என்னத்தச் சொல்ல?

மத்த நாப்பத்திரெண்டு பேரும் போட்டுட்டாங்கன்னு பெருமையாச் சொல்றீங்க. எங்க பாத்துப் போட்டாங்க? உங்க தலைக்கு மேல தொங்குதே, அந்த சார்ட்டப் பாத்துதானே? மைக்ராஸ்கோப் மேல இருக்கற உறையக்கூட எடுத்திருக்க மாட்டாங்க. இதுக்கு எதுக்கு இத்தன மைக்ராஸ்கோப்பு, வித்துப்புட்டு நாலு ஏணி வாங்கிப் போடுங்க. சார்ட்டக் கிட்டப் போயி நல்லாப் பாக்கலாம்.

நீங்களும் இதே காலேஜ்தானே? அப்ப நீங்களும் அந்த வட்டத்தப் போட்டுத்தான் பாஸ் பண்ணியிருப்பீங்க. பாத்துப் போட்டீங்களா? ம். மூஞ்சியே சொல்லுது.

ஆமா, சொன்னீங்க. பெரியவர் கையால வரைஞ்ச சார்ட். அவரு இந்த டிபார்ட்மென்ட்டுக்கே தலைவரா இருந்தவரு. அவர விடவா உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்? புத்தகத்துல இல்லாததெல்லாம் அனுபவத்துல இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அவரு செத்தும் போயிட்டாரு, இனிமே யாரும் அவரப் போயி ஒண்ணும் கேக்க முடியாது. ரொம்ப வசதி.

நான் மட்டும் என்ன யோக்கியமா? சொல்றேன் கேளுங்க. இப்ப வெளில, அந்த பெஞ்சுல உக்காந்து, அவகிட்ட நானும் உங்களாட்டமேதான் பேசினேன். ஒரு வட்டம்டி. போட்டுத் தொல. கையெழுத்த வாங்கு, வீட்டுக்குப் போவோம். உலகத்துல எவன் அவரைத் தண்டப் பொளந்து பாக்கப் போறான், அவரைக்காயவே ஆயாமத் தின்னுட்டுப் போற காலம். இவ்வளவும் சொன்னேன். சண்ட போட்டிருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பேன், நிம்மதியா இருந்திருக்கும். பென்சில எடுத்து என் கையில குடுத்தா. நீயே போடும்மா, உனக்கு அது இருக்குன்னு தெரிஞ்சா போடு, நான் ஒண்ணும் சொல்லலன்னா.

பென்சில வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன் மேடம். கை வரல. அதான் எழுந்து உள்ள வந்துட்டேன்.

அந்த வட்டம் காத்துக் குமிழி.

சுரப்பியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. மேல மூடற கண்ணாடிச் சில்ல சாய்ச்சாப்பல மெதுவா எறக்கணும். அவசரக் குடுக்க யாராவது பொத்துன்னு போட்டா அடியில காத்து மாட்டிக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்தா ஓரம் தடிமனா, கறுப்பா, நடுவுல பளிச்சுன்னு, கிண்ணுன்னு ஒரு வட்டம். பாக்க அவ்வளவு அழகா இருக்கும். ஊசியால லேசாத் தட்டினா நகந்துபோகும். எந்த ஊர்ல மேடம் சுரப்பி நகரும்?

பெரியவருக்கு இதுகூடத் தெரியாதான்னா? அவரு பாக்கவே இல்லியே. வரையவும் இல்ல. அந்தக் காலத்துலயே அவருக்குக் கை நடுக்கம், டீ கிளாஸ் வாய்க்குப் போறதுக்குள்ள பாதி சட்டையில இருக்கும். கீழ மூலையில கோணலா ஒரு கையெழுத்து இருக்கு பாருங்க, அது மட்டும்தான் அவரு கைவேலை.

வரைஞ்சது மூணாம் வருஷத்துப் பொண்ணு ஒருத்தி. கிளாஸ்லயே நல்லா வரைவான்னு பேரு, அந்தத் திமிரு வேற. கடைசி பீரியடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கண்ணாடிய பொத்துன்னு போட்டா. இருந்தத வரைஞ்சா. நல்லா ஷேடிங்கெல்லாம் குடுத்து. இதென்னன்னு பெரியவர் கேட்டாரு. தெரியல சார்னு சொல்ல அந்த வாய் வரல. சுரப்பி சார்னுட்டா. அவரும் பேஷ் பேஷ்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. பெருசா வரைஞ்சு குடு, லேபுல மாட்டலாம்னாரு. குடுத்தா. நாலு நாள் கழிச்சு வேற ஸ்லைடு போட்டுப் பாத்தப்பதான் அவளுக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள பெயிண்ட் காஞ்சு, சட்டம் அடிச்சு, மாட்டி, எல்லார் முன்னாடியும் பரிசு குடுத்துக் கையும் தட்டியாச்சு. வாயத் தொறக்கல. இருபத்தாறு வருஷமாத் தொறக்கல. போன வாரம் பொண்ணு அழுதுக்கிட்டே வந்து, லேபு சார்ட்டுல ஒரு சுரப்பி இருக்கும்மான்னு சொன்னப்பவும், அப்படியான்னு கேட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா.

யாருன்னு இன்னுமா புரியல? நல்ல டிகிரி வாங்கினீங்க. அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க. சார்ட்டக் கழட்டித் திருப்பிப் பாத்தா பின்னாடி பென்சில்ல ரோல் நம்பர் இருக்கும், பதினேழு. ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்டரப் பாருங்க, என் பேர் இருக்கும். இல்ல, கதவச் சாத்தாதீங்க. தொறந்தே இருக்கட்டும். நீங்க அவ ரெக்கார்டுல கையெழுத்தப் போடுங்க, நான் ஏறிக் கழட்டறேன்.

ஏய், வாசல்லயே ஏன் நிக்கற? உள்ள வா. என்னடி அப்படிப் பாக்கற? ஆமா, நான்தான். அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. இப்ப வந்து ஸ்டூலக் கெட்டியாப் பிடி, ஆடுது.